ஏழாவது சுற்று

மணி மூன்று முப்பத்தொன்று.

ஜலஜா கையேட்டின் அந்த வரியை மறுபடியும் படித்தாள். கொடுக்கும் எண், முதல் ஓட்டத்துக்குப் பின் எத்தனை முறை திரும்ப ஓட வேண்டும் என்பதைக் குறிக்கும்.

காலையில் அவள் ஆறு என்று கொடுத்திருந்தாள். அப்படியென்றால் மொத்தம் ஏழு.

அன்று சனிக்கிழமை. லேபில் அவளுக்கு அரை நாள். அறிக்கை எழுதலாமென்று கையேட்டின் நகலைப் பாலிகஞ்ச் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பெஹாலாவில், லேபின் மாடியில், புதிதாக வந்த பவர் சப்ளை அவள் சொன்னபடி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் இருபத்துநான்கு வோல்ட், இருபத்தேழு நிமிடம் பூஜ்யம். இருபத்துநான்கு வோல்ட் வந்தால் கான்டாக்டர் என்ற காந்த ஸ்விட்ச் இழுக்கும். கான்டாக்டர் இழுத்தால் மோட்டாருக்கு நானூற்று நாற்பது வோல்ட் போகும்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆரம்பித்தது. ஆறாவது சுற்று மூன்றே முக்காலுக்கு முடியும். அதே நொடியில் ஏழாவது தொடங்கும்.

மோட்டார் நன்றாக ஆறிய பிறகு, சுற்று முடிகிற நேரத்தில், லேபில் அவளோடு வேலை பார்க்கும் வைத்தியநாதன் டெர்மினல் பெட்டியைத் திறந்து கம்பிகளைக் கையால் கழற்றி அளவெடுப்பார். மெயின் ஸ்விட்சை யாரும் அணைப்பதில்லை. அணைத்தால் பக்கத்து மேசையில் நான்கு நாளாக ஓடும் சோதனையும் நின்றுவிடும். டிஸ்ப்ளேயில் பூஜ்யம் தெரிந்தால் போதும் என்பது லேபின் வழக்கம். ஜலஜாவும் அப்படித்தான் செய்வாள்.

அவள் கிளம்பும்போது அவர் கேட்டிருந்தார்.

“ஆறு முடிஞ்சா கை வைக்கலாமா, புரொபசர்?”

“தாராளமா வைங்க சார். அதுக்கப்புறம் அது தூங்கிடும்.”

அவர் சிரித்தார். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளைப் புரொபசர் என்று கூப்பிடுவது அவருக்கு வழக்கம்.

டாக்ஸி கிடைத்தாலும் பெஹாலாவுக்கு முக்கால் மணி நேரம். வைத்தியநாதனிடம் மொபைல் இல்லை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் லேபின் ஒரே போன் காவலாளி அறையில்.

மூன்று முப்பத்துநாலு. லைன் எங்கேஜ்டு.

மூன்று முப்பத்தாறு. எங்கேஜ்டு.

மூன்றாம் முறை விரல் தவறி வேறு யாருக்கோ போனது. மன்னிப்புக் கேட்காமல் வைத்தாள்.

மூன்று நாற்பதுக்குக் காவலாளி துலால்தா எடுத்தார். குரலை அடையாளம் கண்டு, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார். வங்க மொழியில் ஆரம்பித்தாள், பாதியில் தமிழ் வந்தது, நிறுத்தி மறுபடி ஆரம்பித்தாள். மாடிக்கு ஓடுங்கள், வைத்திபாபுவை மோட்டாரிலிருந்து கையை எடுக்கச் சொல்லுங்கள், பெரிய ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

துலால்தாவுக்கு முழங்கால் வலி. காவலாளி அறையிலிருந்து முற்றத்தைக் கடக்க வேண்டும். பிறகு இருபத்திரண்டு படி. தினமும் அவள் எண்ணிக்கொண்டே ஏறும் படிகள்.

போனில் ரேடியோ கேட்டது. கிரிக்கெட் வர்ணனை. யாரோ அவுட்டானார்கள், கூட்டம் இரைந்தது.

மூன்று நாற்பத்துமூன்று. வைத்தியநாதன் இப்போது ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கவரைக் கழற்றி, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்வார். எப்போதும் இடது கைதான். வலது கையில் மீட்டர்.

மூன்று நாற்பத்துநாலு. கையேடு தரையில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

மூன்று நாற்பத்தைந்து.

ரேடியோ நின்றுபோனது. பேட்டரி ரேடியோ அல்ல, சுவரில் செருகியது என்பது அவளுக்குத் தெரியும். பெரிய ஸ்விட்சை அணைத்தால் காவலாளி அறைக்கும் கரண்ட் போகுமா என்பது தெரியாது. வேறு எதனால் போகும் என்று யோசிக்காமலிருக்க முயன்றாள்.

நாற்பத்தாறு. நாற்பத்தேழு.

காலடிச் சத்தம். மெதுவாக வந்தது. ரிசீவரை யாரோ எடுத்தார்கள். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

“வைத்தி சார்தானே? கையை எடுத்துட்டீங்களா?”