பின்னறையில் ஒழுக்கு இல்லை

எல்லாக் குழாய்களையும் இறுக மூடியாயிற்று. பிளம்பர் வாசலோரக் குழியருகே குந்தி, தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்தார். கண்ணாடிக்குள் சின்னச் சிவப்புச் சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்கேயோ ஒழுக்கு இருக்குங்க" என்றார். ஊரெல்லாம் லீக் என்று சொன்னாலும் அவர் வாயில் அது ஒழுக்குதான்.

"எங்கேயோ என்ன எங்கேயோ? பின்னறையிலதான்" என்றாள் இளைய மருமகள். "எருமைகூட அவ்வளவு நேரம் தண்ணியில கிடக்காது, எங்க அக்கா கிடப்பாங்க."

அவள் அக்கா என்றது தன் ஓரகத்தியை. அந்த மூத்த மருமகளுக்குக் கணவன் இறந்து இரண்டு வருடமாகிறது. பின்னறையில் ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின். அதை மிதித்தால்தான் அவளுக்குச் சாப்பாடு.

மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீடு அவர் பேரில். காதருகே போய்க் கத்தினால்தான் அவருக்குக் கேட்கும்.

"பிளம்பரை வச்சுக்கிட்டே சொல்றேன்" என்றார் மூத்தவளிடம். "ஒழுகறது உன் பக்கம்னா இன்னைக்கே ரூமைக் காலி பண்ணணும். இல்லேன்னா உன் ஆயுசுக்கும் அந்த ரூம் உனக்குத்தான். பேச்சு மாறமாட்டேன்."

பிளம்பர் பின்னறைக்குப் போகும் வால்வை மூடினார். சிவப்புச் சக்கரம் சுற்றியபடியே இருந்தது. ஒழுக்கு தன் பக்கம் இல்லை என்று தெரிந்து மூத்தவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அடுத்து, இளையவள் குடும்பம் இருக்கும் முன்வீட்டுக் கழிவறை. ஃப்ளஷ் தொட்டியைத் திறந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் ஊற்றினார். "கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது."

"அதுவரைக்கும் அடக்கிக்கிட்டு உட்காரணுமா?" என்று சிரித்தாள் இளையவள்.

கால் மணி நேரம் கழித்து அவள் சிரிக்கவில்லை. யாரும் தொடாத கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தது.

"அடி வாஷர் நைஞ்சு போச்சு. ராப்பகலா இங்கேதான் ஒழுகியிருக்கு."

பிளம்பர் வாசலுக்கு வந்து, பெரியவரின் காதருகே குனிந்து கத்தினார். "ஐயா! பின்னறையில ஒழுக்கு இல்லை!"

பெரியவர் நெற்றியைச் சுருக்கினார். "என்னது? ஒழுக்கம் இல்லையா?"

"ஒழுக்கு! ஒழுக்கு!"

இளையவளுக்கு மூளை வேலை செய்ய அரை நொடி போதும். மறு காதுக்கு வந்துவிட்டாள். "ஆமா மாமா! ஒழுக்கம் இல்லையாம்! தைக்கக் குடுக்கிறேன்னு எவனெவனோ வந்து போறான்ல! குழாய் பார்க்க வந்தவர் கண்ணுக்கே தெரிஞ்சிருக்கு!"

"ஏம்மா, நான் எங்கே அப்படிச் சொன்னேன்?"

"உங்க வேலை குழாய். அதைப் பாருங்க."

மூத்தவள் உள்ளே ஓடினாள். துணியில் கோடு போடும் சாக்பீஸோடு வந்து, மாமனாரின் காலடியில் பெரிதாக எழுதினாள்: 'ஒழுகுவது முன்வீட்டில்.'

பெரியவர் தரையைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார். "கண்ணாடியை எங்கே வச்சேன்னு தெரியலையே."

சட்டைப் பையிலிருந்து அதன் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுக்க அவள் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"மாமனார் சட்டையிலேயே கை வைக்கிறியா? இருட்டறதுக்குள்ள கிளம்பு."

பிளம்பர் கழிவறையில் புது வாஷர் மாட்டினார். ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. மூத்தவளால் தையல் மெஷினின் தலையை மட்டும்தான் கழற்றி இடுப்பில் தூக்க முடிந்தது. இரும்புக் கால்கள் அறையிலேயே நின்றன.

"காலை வச்சுட்டுப் போங்க அக்கா. மேல ஒரு பலகை போட்டுச் செடி வைப்பேன்."

மூத்தவள் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.

பிளம்பர் கடைசியாக மீட்டரைப் பார்க்க வந்தார். சிவப்புச் சக்கரம் அசையாமல் நின்றது.

"பார்த்தீங்களா மாமா!" இளையவள் கைதட்டினாள். "அக்கா வாசல் தாண்டினாங்க, நின்னுடுச்சு!" பின்னறையை அளந்து பார்க்க உள்ளே ஓடினாள்.

பிளம்பர் குழிக்குள் தலையை விட்டபடி, தனக்கே கேட்காத குரலில் முணுமுணுத்தார். "செவிட்டுக் கிழம். ஒத்தை வார்த்தை. அதைச் சரியாக் கேட்டிருந்தா ஒருத்தி பிழைச்சிருப்பா."

"சரியாத்தான் கேட்டுச்சு."

பிளம்பரின் கை மூடியோடு நின்றது.

பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காலடியில் இருந்ததை நிதானமாக ஒருமுறை படித்தார். பிறகு செருப்புக் காலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தார்.

"சின்ன மகனுக்கு ரூம் வேணுமாம். நாளைக்கு நான் படுத்தா எனக்குச் சோறு போடப் போறவ அவன் பொண்டாட்டிதான்" என்றார். "மூடியை நல்லா அழுத்தி மூடு தம்பி. மீட்டர்ல மண்ணு விழுந்துடும்."