நூற்றுப் பன்னிரண்டு

புத்தகம் சொன்ன இடத்தில் இதயம் இல்லை. காறை எலும்பின் நடுவிலிருந்து நேரே இறங்கி, ஐந்தாவது விலா இடுக்கில் சிவரூபி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் துடிக்கவில்லை. அக்குள் பக்கமாக இரண்டு விரல் நகர்த்தியதும் கைக்குள் வந்து மோதியது. பூநகரியில் நாற்பது வருடம் வலை இழுத்த நடராசாவின் இதயம் வீங்கி, நுனி தன் இடம் தாண்டி நின்றது.

"அங்கதான் பிள்ளை. படுத்தா எனக்கே இடிக்கிறது தெரியும்," என்றார் நடராசா, ஏதோ பெருமைப்படுவதுபோல.

தாதியர் பயிற்சியின் கடைசிச் செய்முறைப் பரீட்சை அது. ஒருவர் நெஞ்சில் கேட்க, மற்றவர் மணிக்கட்டில் நாடி பிடிக்க, ஒரே மணிக்கூட்டில் ஒரு நிமிடம் எண்ண வேண்டும். தவறினால் ஆறு மாதம் பிந்தும். மல்லாவிக் கல்வாடியில், அச்சில் சீமெந்துக்கல் அரியும் அவள் அம்மா அன்னபாக்கியம், வாடி முழுக்க "என்ர மகள் ஆஸ்பத்திரி மிஸ்" என்று இப்போதே சொல்லி வைத்திருந்தா.

சிவரூபி அந்த இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். கூடப் படிக்கும் மதுசன் மணிக்கட்டைப் பிடித்தான். "தொடங்கு," என்றான்.

"லாபம், ரெண்டு, மூண்டு..."

அவன் வாயைப் பொத்திச் சிரித்தான். சிவரூபி கவனிக்கவில்லை. ட்ராக்டர் பெட்டியில் கல் ஏற்றும்போது முதற்கல்லை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்பார்கள். எட்டு வயதிலிருந்து பெட்டியடியில் நின்று எண்ணியது அவள்தான். ஆட்கள் இரண்டு இரண்டாக எறிவார்கள், திடீரென்று ஒற்றைக்கல், பிறகு பீடி பற்றவைக்க ஒரு நிற்பு, பிறகு மூன்று சேர்த்து. அதற்குள் ஒரு கல் தப்பாமல் எண்ணிய காது அது. நடராசாவின் நெஞ்சும் அப்படித்தான் எறிந்தது: மூன்று துடிப்பு ஓடிவந்தன, ஒன்று தயங்கியது, இரண்டு ஒன்றோடொன்று இடறிக்கொண்டு வந்தன.

"நிப்பாட்டு. எனக்கு எண்பத்தெட்டு," என்றான் மதுசன்.

"நூற்றுப் பன்னிரண்டு."

பரீட்சகர் ஞானேஸ்வரி சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் சேலைன் பார்த்துக்கொண்டிருந்தா. மதுசன் குரலைத் தாழ்த்தினான். "விசரே உனக்கு? மனுசனுக்கு ரெண்டு இதயமோ? லாபத்தில தொடங்கினா இப்பிடித்தான் வரும். தொண்ணூறு எண்டு போடு, ரெண்டு பேரும் தப்பிடலாம்."

"லாபம் எண்டா ஒண்டு. ஒண்டு பிழைச்சாலும் இருபத்துநாலு பிழைக்காது."

"அப்ப நான் பிழையோ?"

"நீயும் சரி."

அவன் விழித்தான். தொண்ணூறு என்று போட ஒரு நொடி போதும். ஆனால் கல்வாடிக்காரன் குறைத்துச் சொன்னபோது அம்மா ஒருநாளும் தலையாட்டியதில்லை. பெட்டியிலிருந்து கல்லை இறக்க வைத்து, மறுபடி எண்ண வைத்தவ. சிவரூபி பேனையை அழுத்தி 112 என்று எழுதினாள்.

ஞானேஸ்வரி சிஸ்டர் தாளைப் பார்த்தா. முகத்தில் ஒன்றுமில்லை. "ரெண்டும் ஏன் ஒத்துவரேல்ல?"

"இடது கீழறை சிலநேரம் நிரம்பமுதலே சுருங்குது சிஸ்டர். அந்த அடி நெஞ்சில கேக்கும். ஆனா ரத்தம் போதாது, கைவரைக்கும் வந்து சேராது. இருபத்துநாலு அடி வழியில நிண்டிட்டுது."

"காலமை வார்டில எழுதினது எண்பத்தாறு. நாடி மட்டும் பாத்திருக்கினம். நீ எண்ணினதில சந்தேகம் இல்லையோ?"

"இல்லை சிஸ்டர். எண்ணினா எண்ணினதுதான்."

சிஸ்டர் தன் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினா. அவள் வைத்த அதே இடத்தில், அக்குள் பக்கமாக, வைத்தா. மதுசன் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தான். இம்முறை அவன் சிரிக்கவில்லை. நிமிடம் முடிய சிஸ்டர் தாளில் எதுவும் எழுதாமல், "டொக்டரைக் கூப்பிடு, கெதியா," என்று அவனை அனுப்பினா. சிவரூபியின் 112-ஐ வெட்டாமலே தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டா.

நடராசா சிவரூபியைப் பார்த்தார். "என்ன பிள்ளை, நிக்கப்போகுதோ?"

"இல்லை ஐயா. நல்லாப் பாடுபடுது. கைக்கு எல்லாம் வந்து சேரேல்ல, அவ்வளவுதான்."

"பாடுபடத்தானே வேணும்," என்றார் அவர். உப்பில் வெடித்த வலது கையைத் தூக்கி, அவள் கை வைத்த இடத்தில் தானே வைத்தார். கண்ணை மூடினார். உதடு மெல்ல அசையத் தொடங்கியது: லாபம், ரெண்டு...