மாடியறையிலிருந்து பீர் ஆலைகளுக்கு

பல் டாக்டர் விமானம் ஓட்டுவது மாடியறையில். கிளினிக்குக்குப் புது நாற்காலி வந்ததும், நோயாளிகள் சாய்ந்து வாய் பிளந்த பழைய நாற்காலியை ஆள் வைத்து மேலே ஏற்றிவிட்டார். அதற்கு முன்னால் மூன்று பெரிய திரைகள், கைக்கு ஸ்டியரிங், காலுக்குப் பெடல். கணினிக்குள் உலகமே இருந்தது.

சனிக்கிழமை மாலையானால் ஆடிட்டரும் மருந்துக்கடைக்காரரும் வந்துவிடுவார்கள். மூவரும் பள்ளித் தோழர்கள். எங்கேயோ ஒரு சின்ன ஆலையில், பெரிய கம்பெனிகளை அண்டவிடாமல், பக்குவம் பார்த்துப் பீர் காய்ச்சுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும். அதற்குப் பக்கத்து விமான நிலையத்துக்குத் திரையில் பறப்பார்கள். இறங்கியதும் அந்த ஆலையின் பீரைத் திறப்பார்கள். ஆடிட்டர் முன்கூட்டியே வரவழைத்து வைத்திருப்பார். எஞ்சினை அணைக்கும்வரை மூடியைத் தொடக் கூடாது என்பது சட்டம். மேகத்துக்குள் போகும்போதே ஒரு வாய் குடித்துவிட்ட மருந்துக்கடைக்காரரைக் கொஞ்ச காலம் தண்டனையாகக் கதவோரம் காலிப் பீர்ப் பெட்டிகளோடு உட்காரவைத்திருந்தார்கள்.

"அக்கா வீட்டுக்குப் போலாம்னு எவ்வளவு நாளா கேக்கறேன்" என்றாள் டாக்டரின் மனைவி. "இந்த சனிக்கிழமையாவது வாங்களேன்."

"சனிக்கிழமை ஃப்ளைட் இருக்கேம்மா."

"எங்கே?"

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க அக்கா ஊருக்குத்தான். அங்கே ஒரு ஆலை இருக்கு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு, நிஜ விமானத்தில் போய்ச் சேர்ந்தாள்.

சனிக்கிழமை டாக்டர் இரண்டு மலைகளுக்கு நடுவே விமானத்தை நுழைத்து, பூப்போல இறக்கினார். ஆடிட்டர் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினார். "மழையில நனைஞ்ச மரத்தோட வாசம்."

"மலைத் தண்ணிப்பா. நாக்குலயே தெரியுது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அப்போது மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். "உங்க ஆலைக்கு முன்னாடிதான் நிக்கறோம். இங்கே டயர் கடை இருக்கு."

"தப்பான இடத்துல நிக்கறே. ஓடுபாதைக்குக் கிழக்கால பாரு, சிவப்புக் கூரை."

"நான் ஊர்லயே நிக்கறேங்க. நீங்கதான் மாடியில இருக்கீங்க."

அவள் அக்கா ஃபோனுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆலைக்காரங்க பீரோட பேரை வித்துட்டு எப்பவோ போயிட்டாங்க, தம்பி. அந்த பீரை இப்ப உங்க ஊர்லதான் காய்ச்சறாங்களாம். பைபாஸ் பக்கம் பெரிய ஃபாக்டரியாமே?"

டாக்டருக்கு அந்த ஃபாக்டரியைத் தெரியும். தினமும் காரில் அதைத் தாண்டும்போது வாடை தாங்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். மருந்துக்கடைக்காரர் கிளாஸுக்குள் மலைத் தண்ணீரைத் தேடினார். ஆடிட்டர் கண்ணைத் திறந்தார்.

"இப்ப என்ன பண்றது?"

முகத்தில் அசடு வழிந்தாலும் டாக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. "முறைப்படி போவோம். அடுத்த வாரம் அந்த ஃபாக்டரிக்குப் பறப்போம்."

அடுத்த சனிக்கிழமை விமானம் உள்ளூர் நிலையத்திலிருந்து எழும்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய ஓடுபாதையிலேயே இறங்கியது. எஞ்சினை அணைத்தார்கள். ஆடிட்டர் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "இதுவரைக்கும் குடிச்சதுலயே இதுதான் ஃப்ரெஷ்." ஃபாக்டரிக்குப் பொடிநடையாகவே போய் வரலாம். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஃபோன் அடித்தது. மனைவிதான்.

"இறங்கிட்டேன். ஏர்போர்ட்டுக்கு வரீங்களா?"

"நானும் ஏர்போர்ட்லதான்..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அங்கேயே இருங்க" என்றாள் அவள். "நான் டாக்ஸி புடிச்சுக்கறேன்."

டாக்டருக்கு எழுந்து ஓட வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது. கார் ஓட்ட முடியாது. இதை அவளுக்கு எந்த வாயால் சொல்வது?

வாசலில் டாக்ஸி நின்றபோது மூவரும் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். அவள் மாடியேறவில்லை. கீழிருந்தே குரல் கொடுத்தாள்.

"அடுத்த மாசம் அக்கா வந்து நம்மகூட கொஞ்ச நாள் இருக்கப் போறா. மாடியறைதான் அவளுக்கு. நாளைக்கே ஒழிச்சுக் குடுத்துடுங்க."

ஆடிட்டர் தன் கிளாஸை ஒரே மூச்சில் காலி செய்தார். "வரட்டுமா டாக்டர்?" என்று கிசுகிசுத்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மருந்துக்கடைக்காரர் அவருக்கு முன்பே வாசலைத் தாண்டியிருந்தார்.