ஓசெல்லாவின் அண்டா

"கண்ணாடியத் திறந்து குடுங்க போதும். திங்கக்கிழமை நானே கொண்டுவந்து வச்சிடறேன்" என்று டெல்மர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் அம்மா ஓசெல்லாவுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை அடக்கம். அது முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. அதை என் அண்டாவில்தான் சமைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அண்டாவோ ஓக்லண்டின் அருங்காட்சியகம் ஒன்றில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியைப் பற்றிய கண்காட்சியில், விளக்கு வெளிச்சத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

பக்கத்துச் சுவரில் ஒரு புகைப்படம். இளவயது ஓசெல்லா கறுப்புத் தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குச் சோளக்கஞ்சி ஊற்றுகிறாள். படத்தில் அண்டாவின் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. கண்ணாடிக்குள் இருந்ததற்கு இரண்டு காதும் இருந்தன. உடைந்த காது பிற்காலத்தில் பற்றவைத்தது என்று கீழே ஒரு குறிப்பு. அம்மா சொன்ன தகவலாம்.

கண்காட்சியின் பொறுப்பாளர் கமீலுக்கும் கண் கலங்கிவிட்டது. அவளும் இந்த ஊர்க்காரிதான். அவள் அப்பா அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர். ஆனாலும், கையுறை போடாமல் தானே தொடக்கூடாத பொருளை அடுப்பில் ஏற்ற எப்படிக் கொடுப்பது என்றாள். அடக்கத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

டெல்மருக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. அண்டாவைக் கொடுத்தவளே அம்மாதானே. கொடுப்பதையும் கொடுத்துவிட்டு, போகிற நேரத்தில் இப்படி மாட்டிவிட்டாளே.

மறுநாள் காலை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினான். சாக்ரமெண்டோ நகரில் குடியேறிய பிறகு அங்கிருந்த சமையலறைக்குள் அவன் கால் வைத்ததே இல்லை. அம்மாவோடு கட்சியில் இருந்த வெர்னிட்டா சித்தி சிவப்பு பீன்ஸைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அண்டாவைத் தரமாட்டேன் என்கிறார்கள் சித்தி, அம்மா கேட்ட ஒன்றைக்கூட என்னால் செய்ய முடியவில்லை என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"எந்த அண்டாடா?"

அவன் அடுப்பைப் பார்த்தான். கரிப்பிடித்த பெரிய அண்டா. ஒரு பக்கம் காது இல்லை, கம்பி சுற்றியிருந்தது.

"சனிக்கிழமை தவறாம இந்தத் தெருவுக்கே இதுலதான் ஆக்கிப் போடறோம். இதத் தூக்கி மியூசியத்துல குடுத்துட்டா எதுல ஆக்கறதாம்?"

"அப்ப அங்க இருக்கறது?"

"உங்க வீட்ல நாயக் குளிப்பாட்டுவீங்களே, அது." சித்தி மறுபடியும் கிண்ட ஆரம்பித்தாள். "நல்லாத் தேய்ச்சுத்தான் குடுத்தா உங்கம்மா. உன்கிட்ட சொல்லியிருந்தா ஊரெல்லாம் உளறியிருப்ப. சின்ன வயசுலேருந்தே உன் வாயில எதுவும் நிக்காது."

டெல்மர் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. நாலு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடக்கத்தில் பாட்டும் கைத்தட்டலுமாகத் தேவாலயம் அதிர்ந்தது. ஒருகாலத்தில் ஓசெல்லா கையால் கஞ்சி வாங்கிக் குடித்த பிள்ளைகள் இப்போது நரைத்த தலையோடு கீழ்த்தளத்தில் வரிசையில் நின்றார்கள். டெல்மர்தான் கரண்டி பிடித்தான். வரிசையில் கமீலும் வந்தாள்.

தட்டை நீட்டியவளின் கண் அந்தக் கம்பியில் போய் நின்றது. டெல்மரின் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. சித்தி சோள ரொட்டியை அடுக்குவதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள். கமீல் அண்டாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் அண்டாவைப் பார்த்தாள்.

"எங்கப்பாவால நடக்க முடியாது, அதான் வரல" என்றாள் கடைசியில். "அவருக்கும் கொஞ்சம் கட்டிக் குடுங்க சார்."

டெல்மர் ஒரு டப்பாவை எடுத்து, வழிய வழிய நிரப்பிக் கொடுத்தான்.

எல்லோரும் போனபின் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அவனே அண்டாவைத் தேய்த்தான். எப்போது ஊருக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டுக்கொண்டே சித்தி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து வந்தாள். மறுநாள் சனிக்கிழமை. கழுவிய அண்டாவை அவன் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, மூட்டையிலிருந்து காய்ந்த பீன்ஸை அள்ளிப் போட்டு, அது மூழ்கி ஊறும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினான்.