ஆதாரம் இல்லாத கிளி

என் மகனுக்குப் பெண் கொடுத்த அம்மையார், என் ஒற்றைக்கண்ணைத் தூக்கி மேசைமேல் போட்டு, "இதுக்கு என்ன ஆதாரம், சம்பந்தி?" என்று கேட்டபோது எனக்கு இரண்டு கண்ணும் இருட்டிக்கொண்டு வந்தது.

ஒற்றைக்கண் என்றால் கண்ணை மறைக்கும் கறுப்புத் துணி. என் வீட்டம்மாவின் பழைய குடையிலிருந்து அவளுக்குத் தெரியாமல் வெட்டி எடுத்தது. அடுத்த மழையில் அவளுக்கு அது தெரிந்துபோனது தனிக்கதை.

நான் ஒரு கடற்கொள்ளைக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில், செயற்கைப் பல் செய்யும் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற மூட்டுவலிக்காரன். எங்கள் துறைமுகத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பல் இருக்கிறது. இனி எங்கும் போகாதே என்று அதைக் கரையோடு கட்டிப்போட்டு அருங்காட்சியகமாக்கி விட்டார்கள். பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட ஒரு கொள்ளைக்காரன் வேண்டுமென்று அங்கே இருந்த பழைய மேலாளர் ஆள் தேடிக்கொண்டிருந்த சமயத்தில், டிக்கெட் வரிசையில் நின்று நான் ஒரு தும்மல் போட்டேன். பாய்மரத்தில் உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் கூட்டமாகக் கிளம்பி வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மேலாளர் அப்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் கேப்டன். குளியலறைக் கதவிலிருந்து கழற்றிய கொக்கிதான் என் இடது கை. தோளில் பஞ்சு அடைத்த பச்சைக் கிளி. இடுப்பில் புதையல் வரைபடம். கப்பல் விளிம்பில் நீட்டிய பலகையில் நடக்கவைத்து நான் கடலில் தள்ளிவிட்ட அப்பாமார்களை அடுக்கினால் அக்கரைக்குப் பாலமே போட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக என் தங்கப்பல். சொந்தக் கையால் அச்செடுத்து, மெழுகில் செதுக்கி, வார்த்து, மெருகேற்றி, முன்பல்லுக்குத் தொப்பி மாதிரி போட்டுக் கழற்ற வசதியாகச் செய்தது. வெயிலில் நான் சிரித்தால் கலங்கரை விளக்கக்காரர் அன்றைக்கு விடுப்பு போட்டுவிடுவார்.

சிரிப்புக்குச் சொல்கிறேன் என்றாலும் இதைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். வேலைக்காலம் முழுவதும் அடுத்தவர் வாயின் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவன் நான். வாயைத் திறந்து ஏதாவது சொல்லு என்று என்னை யாரும் கேட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்துச் சலித்துப்போய் வேகத்தைக் குறைத்தது. அப்படிப்பட்டவனைப் பிள்ளைகள் கப்பல்துறை முழுக்கக் கேட்கும்படி "கேப்டன்" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அந்த ஞாயிறு என்னிடமிருந்து போனால் மறுபடியும் மின்விசிறிதான்.

பழைய மேலாளர் போனார். புதிதாக வந்தவர் என் சம்பந்தியம்மா. கடல் வணிக வரலாறு படித்தவர், படித்ததை மறக்காதவர். கப்பலில் இருக்கும் எதுவும் ஆதாரத்தோடு இருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. அதற்கு முன்பே அவருக்கு அந்த எண்ணம் இருந்தது. பித்தளை மணி, மாலுமிகளின் தொங்குபடுக்கை, சமையலறைப் பானை எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தார்.

அவருடைய அறை, கப்பலோட்டியின் பழைய அறை. மேசைமேல் என் உடைமைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கண்துணிக்கு ஆதாரம் போதாது. கொக்கிக்கை கதைக்காரர்கள் வேலை. பலகையில் நடக்கவைத்ததாக அங்கொன்று இங்கொன்று பேச்சு உண்டே தவிர அது வழக்கம் இல்லை. கொள்ளையடித்ததைப் புதைத்து வைப்பதும் இல்லை. கையில் கிடைத்த அன்றே செலவழித்துத் தீர்த்தார்கள். கிளியை அவர் கேள்வி கேட்கக்கூட இல்லை. இரண்டு விரலால் காலைப் பிடித்துத் தூக்கி, மேசைமேல் முகம் குப்புறப் படுக்கவைத்துவிட்டார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போது மட்டும் அவர் உறவுக்காரர்.

"கோவிச்சுக்காதீங்க. சம்பந்தம் வேற, சரித்திரம் வேற. வர்ற ஞாயிறு ஒரே ஒரு தடவை உள்ளது உள்ளபடி நடத்திக் காட்டுங்க. ஜனங்க கடைசி வரைக்கும் நின்னு கேட்டா நீங்க இருங்க. பாதியில நழுவிட்டா, கொள்ளைக்காரன் நிகழ்ச்சியையே நிறுத்திடுவேன்."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணும் இல்லை கொக்கியும் இல்லை என்றால் அவர்களிடம் என்னதான் இருந்தது, வெறும் மூக்கா என்று கேட்டேன்.

அப்போது அவர் ஒன்று சொன்னார். ஒரு கொள்ளைக்கூட்டம் ஒரு துறைமுகத்தின் வாசலையே அடைத்துக்கொண்டு, வருகிற போகிற கப்பலையெல்லாம் பிடித்து வைத்து, ஊரையே நடுங்கவைத்துக் கேட்டது என்ன தெரியுமா? ஒரு பெட்டி மருந்து.

நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். மருந்தா? எதற்கு? யாருக்கு உடம்பு சரியில்லை?

அவ்வளவுதான், ஆர்வம் தொற்றிக்கொண்டது. அந்த வாரம் நான் கேட்ட கேள்விகளை வரிசையாக நிறுத்தினால் கப்பல் மூழ்கிவிடும். கொள்ளைக்காரனுக்குப் பல்வலி வந்தால் யார் பிடுங்குவார்? மருத்துவர் இல்லாத கப்பலில் அறுவை வேலையும் பெரும்பாலும் தச்சர் தலையில்தான் விழுந்தது என்றார். தச்சரா, மேசைக்கால் அறுக்கிற ரம்பமா என்று கேட்டேன். அதேதான் என்றார். பல் தொழிலில் ஆயுளைக் கழித்தவன் நான்; அன்று முழுக்க என் தாடை நடுங்கியது. குளிக்கும்போது கேள்வி வந்தது, ஈரத்தோடு போன் செய்தேன். சாப்பிடும்போது வந்தது, சோற்றுக்கையோடு செய்தேன்.

"பிள்ளை கல்யாணம் பேசுறப்பகூட சம்பந்திகிட்ட நீங்க இவ்வளவு பேசல" என்றாள் என் வீட்டம்மா.

அவர் சொன்னதிலேயே பெரிய அதிசயம் தேர்தல். கொள்ளைக்காரர்கள் கைதூக்கித்தான் தலைவனைத் தேர்ந்தெடுப்பார்களாம். பிடிக்கவில்லை என்றால் கைதூக்கியே இறக்கியும் விடுவார்களாம். சண்டை நேரத்தில் மட்டும்தான் தலைவன் பேச்சு செல்லும். மற்ற நேரத்தில் பங்கு பிரிப்பதும், சாப்பாடு அளப்பதும், தலைவனையே தட்டிக்கேட்பதும் பங்குக்காரர் என்று இன்னொருவர். நான் வியந்து வியந்து இதை வீட்டில் சொன்னேன். என் வீட்டம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, இதில் என்ன புதுமை, நம் வீட்டுச் சட்டம்தானே என்று கேட்டுவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

தேர்தலைத்தான் கடைசிக் காட்சியாக வைத்தேன். நான் எழுந்து நிற்பேன், பிள்ளைகள் கைதூக்குவார்கள், நான் தலைவணங்குவேன், சுபம். சம்பந்தியம்மா தலையாட்டினார், ஆமாம் என்று அல்ல, இல்லை என்று. ஒரே ஆள் நின்றால் அது தேர்தலா, எதிர்த்து ஒருவராவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் கொக்கிக்கை மாதிரி ஒரு பொய்தான் என்றார். யார் நிற்பது? கப்பலில் வேறு ஆள் இல்லை. ஒப்புக்குச் சப்பாணியாகத் தானே நிற்பதாகச் சொன்னார். வரலாற்றுக்கு விசுவாசமாக இருக்கிறோம் என்ற பெருமையில் இரண்டு பேரும் தேநீர் குடித்தோம். பதவியில் இருப்பவன் தன் வேலைக்குத் தானே போட்டி ஏற்பாடு செய்துகொள்ளும் அதிசயம் எங்கள் கப்பலில் மட்டும்தான் நடக்கும்.

ஞாயிறு வந்தது. தளம் கொள்ளாத கூட்டம். பாரம் தாங்காமல் கப்பல் ஒரு முழம் கீழே இறங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொளதொள கால்சட்டை, ஒட்டுப்போட்ட சட்டை, வெறுங்கண், வெறுந்தோள். பல்லையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தேன். ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கீழே கழிவறையில் குழாய் ஒழுகுகிறது, சீக்கிரம் பாருங்கள் என்றார்.

ஆரம்பித்தேன். பிள்ளைகளின் முகங்களில் கொட்டாவிகள் உருண்டு திரண்டு வருவது தெரிந்தது. மருந்துப் பெட்டியைச் சொன்னேன். ஒரு கொட்டாவி பாதியில் நின்றது. தச்சரையும் ரம்பத்தையும் சொன்னேன். வாசலை நோக்கி நகர்ந்த ஒரு குடும்பம் திரும்பி வந்தது. கை போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று பொதுப்பணத்திலிருந்து ஈடு கொடுப்போம் என்று முன்பே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள் என்றதும் பிள்ளைகள் தங்கள் உடம்பில் தேவைப்படாத பாகங்களைத் தேடத் தொடங்கினார்கள். பாய்மரத்தடியில் நின்ற சம்பந்தியம்மா கைகட்டிக்கொண்டு சிரித்தார். யாரும் நழுவவில்லை. என் ஞாயிறு தப்பிவிட்டது என்று மனதுக்குள் நானே கைதட்டிக்கொண்டேன்.

மிச்சம் தேர்தல்தான். நானும் அவரும் முன்னால் வந்து நின்றோம். வழக்கப்படி கைதூக்கச் சொன்னேன். யாரும் தூக்கவில்லை. முன்வரிசையில், மேல் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள். பல் இல்லாத இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க கேப்டனானா எங்களுக்கு என்ன குடுப்பீங்க?"

பழைய நானாக இருந்தால் ஆளுக்கொரு தீவு எழுதிக் கொடுத்திருப்பேன். உள்ளது உள்ளபடி என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே. உண்மையைச் சொன்னேன். கயிறு கிடைக்கும். பாய்த்துணி கிடைக்கும். மாவு மூட்டை கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் மருந்து.

சிறுமி தலையாட்டிவிட்டுச் சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். அவரும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். கயிறு, என்றார். கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பிள்ளைகளின் தலைகள் ஒவ்வொன்றாகத் தொங்குவதைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டார்.

"கிளி" என்றார். "ஆளுக்கு ஒரு கிளி. பேசும். யாராவது பொய் சொன்னா மூக்கிலேயே கொத்தும்."

தளம் அதிர்ந்தது. கைகள் காடாக எழுந்தன. கூட்டத்தின் நடுவே என் வீட்டம்மா கையும் எழுந்தது. ஒன்றல்ல, இரண்டு. கள்ள ஓட்டு.

"கிளிக்கு என்ன ஆதாரம், சம்பந்தி?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"இல்லைங்கிறதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம்?"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. புயலில் சுக்கான் பிடித்த கிளி, எதிரிக் கப்பலுக்குத் தவறான வழி சொல்லிப் பாறையில் ஏற்றிய கிளி, கப்பலோட்டியின் வீட்டம்மா குரலில் பேசி அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிய கிளி. நான் இத்தனை ஞாயிறுகளில் சொன்ன பொய்களெல்லாம் அவர் பொய்களின் முன்னால் பால்பற்கள். பிள்ளைகள் "கேப்டன்" என்று கத்தினார்கள். நான் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என்னை அல்ல.

கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொக்கி இருந்தாலாவது அதால் தலையைச் சொறிந்துகொண்டிருக்கலாம்.

அந்தச் சிறுமிதான் கேட்டாள், அப்படியானால் இந்தத் தாத்தா என்ன ஆவார் என்று. சம்பந்தியம்மா சட்டென்று வரலாற்றுக்குத் திரும்பினார். இறக்கப்பட்ட தலைவன் கூட்டத்தில் ஒருவனாக இருந்துகொள்ளலாம், பங்குக்காரர் பதவி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றார். மறுபடியும் கைகள் எழுந்தன. இந்த முறை எனக்கு. பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார்கள். நான் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தேன். புதிய கேப்டன் கொடுத்ததைத் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். சாப்பாட்டில் தலைவனுக்குத் தனிச்சலுகை இல்லை என்று அவர் சொல்லிக்கொடுத்ததையே உரக்கச் சொல்லி, டப்பாவை மூடினேன். எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

கூட்டம் கலைந்தபிறகு அவர் அறையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மேசைமேல் இருந்தது, துடைக்கவில்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, இத்தனை வருஷம் ஒரு தேதியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. கேட்கத்தான் தோன்றியது. கிளி என்று சொன்னபோது உள்ளே எப்படி இருந்தது?

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நல்லா இருந்தது" என்றார், யாரோ ஒட்டுக்கேட்பது போலக் குரலைத் தாழ்த்தி.

முடிவு இப்படி ஆனது. நிகழ்ச்சி தொடரும். ஒவ்வொரு ஞாயிறும் நிஜமான தேர்தல். ஜெயித்தவர் கேப்டன், தோற்றவர் பங்குக்காரர். கேப்டன் என்ன கதை வேண்டுமானாலும் அளக்கலாம். பங்குக்காரர் குறுக்கிட்டு உண்மையைச் சொல்லலாம். ஆதாரமும் கிளியும் ஒரே கப்பலில். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது, மேசைமேல் குப்புறக் கிடந்த என் கிளியை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தத் தங்கப்பல்லு... செய்றது ரொம்பக் கஷ்டமா, சம்பந்தி?"

இப்போது அவர் என் வீட்டுச் சமையலறை நாற்காலியில், கழுத்தில் துண்டோடு அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறார். வாய் நிறைய, பல்லுக்கு அச்செடுக்கும் கலவை. இறுகும்வரை பேசக்கூடாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவர் பதிலளிக்க முடியாமல் தவிப்பதைப் பார்க்கும் வாய்ப்பு, விடுவேனா? முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டேன். வருகிற ஞாயிறு நான் திரும்ப நிற்கிறேன். கிளியைத் தோற்கடிக்க ஒரு திமிங்கிலத்தை யோசித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன் எதிரியின் பலம் தெரிய வேண்டும்.

"அந்தக் கிளி மொத்தம் எத்தனை மொழி பேசும், சம்பந்தி?"

கண்ணை உருட்டினார். ஒரு கையை விரித்தார். மறு கையையும் விரித்தார். போதவில்லை போலிருக்கிறது, தலையைத் திருப்பாமல் கண்ணால் என் வீட்டம்மாவைத் தேடினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் தன் விரல்களையும் விரித்து நீட்டினாள்.