வாங்கிக் கொடுத்தவன்

1.

"அப்பா, கடையில வாங்கிக்கொண்டு வந்து குடுக்கிற ஆளும் கடைக்காரரோ?"

நான் பக்கத்து வீட்டுக்குப் பால் வாங்கி வந்த அன்று மகள் ஆதிரை கேட்டாள். சிரித்துவிட்டு மறந்துபோனேன். சென்ற கிழமை, ஜேர்மனியின் ஹம் நகர நீதிமன்றத்தின் பின்வரிசையில் இருந்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

2.

முதல் தொடக்கம்: 'துவாரகன் என்ற போதைப்பொருள் வியாபாரி...'

வேண்டாம். அதை அரச வழக்கறிஞரே சொல்லிவிட்டார்.

இரண்டாவது: துவாரகனின் நண்பன் அஷ்வின் போதைப்பொடி கிடைக்காமல் தன் அறையில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். சிகிச்சைக்கு மருத்துவமனை கொடுத்த தெர்மினுக்கு, அந்தத் தேதிக்கு, இன்னும் நாள் இருந்தது.

"ஏலாது மச்சான். ஒருக்கா மட்டும் வாங்கித் தா."

"உனக்கு எத்தினை ஒருக்காடா?" திட்டிக்கொண்டே துவாரகன் சப்பாத்தைப் போட்டான். அஷ்வினின் தாய் பிறேமா, துவாரகன் வேலைக்குப் போகிறான் என்று நினைத்து, பிட்டுப் பெட்டியைக் கையில் திணித்தார். அஷ்வின் கொடுத்த காசு முழுக்கப் பொடிக்கே போனது. திரும்பும்போது ரயில் நிலையத்தில் பொலிஸ் பிடித்தது. ஒரே பையில் பொடியும் பிட்டும்.

(அவன் செய்தது சரியா? இல்லை. இரக்கமும் சில வேளை வழி தவறிப் போகிறது. ஆனாலும் அது இரக்கம்தான் என்று நம்புகிறேன்.)

3.

சட்டமும் ஆதிரையின் கேள்வியைத்தான் கேட்கிறது. தன் ஆதாயத்துக்காகக் கைமாற்றினால் வியாபாரி. நண்பனுக்காக வாங்கிப் போனவனும் குற்றவாளிதான், ஆனால் வியாபாரி இல்லை. துவாரகனுக்கு இந்த வித்தியாசம் சில வருடச் சிறை.

"நீர் கொண்டுபோய்க் கொடுப்பவர்களால் உமக்கு என்ன கிடைக்கிறது?" என்று பொலிஸ் கேட்டது.

"அந்த வீட்டில எனக்கு எல்லாம் தருவினம்" என்றான்.

அது அப்படியே, ஆதாயம் என்று, வழக்கில் ஏறிவிட்டது. நீதிமன்ற வாசலில் அவனைப் பிடித்துக் கேட்டேன்: "ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீர்?"

"அண்ணை, அன்ரியின்ரை கையால எத்தினை நாள் சாப்பிட்டனான். ஒண்டும் தரேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

4.

அஷ்வின் வசந்தத்தில் இறந்துபோனான். அதற்கு முன் தாயிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். துவாரகனைத் தவிர உண்மை தெரிந்தவர் இனிப் பிறேமா ஒருவர்தான்.

ஒரு முடிவு: அவர் நீதிபதி முன் வந்து, "நான் குடுத்தது பிட்டு மட்டும்தான் ஐயா" என்று...

அழித்துவிட்டேன். அவர் வரவில்லை. செத்த பிள்ளையை ஊர்வாயில் போட எந்தத் தாய்க்கு மனம் வரும்? வழக்கறிஞர் எவ்வளவு கேட்டும் துவாரகன் அந்த வீட்டின் பெயரைச் சொல்லவில்லை.

5.

தீர்ப்பு நாளைக்கு. அதை நான் எழுதப்போவதில்லை. ஆதிரைக்கான பதிலை நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பொலிஸ் திருப்பிக் கொடுத்த பிட்டுப் பெட்டியைத் துவாரகன் இரண்டு தரம் கழுவினான். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கமில்லை. ஒரு கைப்பிடி சீனி போட்டு மூடினான். பிறேமாவின் கதவுப்பிடியில் பையோடு மாட்டினான். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. படிக்கட்டில் யாரும் இல்லை.

மணியை அழுத்தாமல் இறங்கிப் போனான்.