கை தவறி எடுத்த செண்பகாதேவி

மற்ற ஊர்களில் சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் ஒரு வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பதைச் சட்டை அளவில் சொல்வார்களாம். சின்னது, நடுத்தரம், பெரியது என்று. தென்காசியில், குற்றாலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்த கம்பெனியில் அது எடுபடவில்லை. 'பெரியது' என்றால் சங்கரநாராயணனுக்கு ஒரு வாரம், சனோபருக்கு ஒரு மாதம். ஆளாளுக்கு ஓர் அளவு.

டீம் லீடர் உமாசங்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து, குற்றாலத்து அருவிகளின் படம் போட்ட அட்டைகளை அச்சடித்து ஆளுக்கொரு கட்டு கொடுத்துவிட்டார். புலியருவி என்றால் அரை நாள். சிற்றருவி ஒரு நாள். பேரருவி மூன்று நாள். ஐந்தருவி ஒரு வாரம். செண்பகாதேவிக்கு மலையேறி நடக்க வேண்டும், ஆகவே இரண்டு வாரம். தேனருவிக்குப் போகவே கூடாது. வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான். அதன்பிறகு அந்த மாடியில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஜெயபிரியாவுக்குச் சொந்த ஊர் அச்சன்புதூர். இரண்டு வருடமாக அந்தக் கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். டெஸ்டிங் போதும், நானும் எழுதுகிறேன் என்று ஆறு மாதம் நச்சரித்து, போன மாதம்தான் உமாசங்கரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவரும் சும்மா விடவில்லை.

"மொத வேலைய ஒழுங்கா முடிச்சுக் குடு. இங்கனயே இருந்துக்கலாம். சொதப்புனேன்னு வையி, ஒன் பழைய சீட்டு காலியாத்தான் கெடக்கு."

அந்த முதல் வேலை ஆனி மாதத்து முகூர்த்த நாளான ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. கீழே மண்டபத்தில் நாதஸ்வரம் காதைக் கிழிக்க, மேலே கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடந்தது. கம்பெனியின் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: ஊழியர்களின் வருகையையும் லீவையும் கணக்கு வைக்கும் சாப்ட்வேர். அதை வாங்கியிருந்த மதுரை மருத்துவமனை ஒன்று, ராத்திரி ட்யூட்டி நர்சுகளுக்கு அரை நாள் லீவு எடுக்க வசதி கேட்டிருந்தது.

"பகல் ட்யூட்டிக்கு அரை நாள் ஏற்கெனவே இருக்கு. அதையே ராத்திரிக்கும் தொறந்து விடணும். எல்லாரும் அட்டைய எடுங்க" என்றார் உமாசங்கர்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து பேரும் அட்டையைத் தூக்கினார்கள். நான்கு சிற்றருவி. ஒரு செண்பகாதேவி.

அந்தச் செண்பகாதேவி ஜெயபிரியாவின் கையில் இருந்தது.

"ஏ யம்மா!" என்றார் சங்கரநாராயணன். அந்த மாடியிலேயே சர்வீஸ் கூடியவர் அவர். "சிற்றருவிக்குப் போக எதுக்கு தாயி மலையேறுத? கட்டுச்சோறு கட்டிட்டு வந்திருக்கியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சொன்னவரும் குறைத்துச் சொன்னவரும் எழுந்து காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. ஜெயபிரியாவிடம் காரணம் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு வருகிற நர்ஸ் காலை எட்டுக்குப் போகிறாள். இந்தச் சாப்ட்வேருக்கோ நாள் என்பது ராத்திரி பன்னிரண்டு மணியோடு முடிந்துபோகிறது. முதல் பாதி லீவு போட்டுவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு வருபவள் திங்கட்கிழமை ஆளா, செவ்வாய்க்கிழமை ஆளா? அதைச் சரிசெய்யப் போனால் அஸ்திவாரத்தையே தோண்ட வேண்டியிருக்கும். இதெல்லாம் தொண்டைவரை வந்தது. உமாசங்கர் அவள் முகத்தையே பார்த்தார். பழைய சீட்டு ஞாபகம் வந்தது.

"கை தவறி எடுத்துட்டேண்ணே" என்று சொல்லிச் சிற்றருவியைத் தூக்கிக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குக் காட்டுவதாக முடிவாயிற்று. நான்கு நாள் இருக்கிறதே, தாராளம் என்றார் உமாசங்கர்.

செவ்வாய்க்கிழமை காலை, தினமும் ஆளுக்கொரு நிமிடம் நின்றபடி வேலை நிலவரம் சொல்லும் கூட்டத்தில், "முக்கால்வாசி முடிஞ்சிட்டுண்ணே" என்றாள். புதன்கிழமையும் முக்கால்வாசிதான். அன்றைக்கு மத்தியானம் சனோபர் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டெஸ்டிங்கில் இரண்டு வருடம் பக்கத்து நாற்காலிக்காரி. ஜெயபிரியாவின் வேலையைச் சோதிக்க வேண்டியவளும் அவள்தான்.

"ஏட்டி, ஒரு நர்ஸ ரெண்டு மணிக்கு உள்ள விட்டுப் பாத்தேன். திங்கக்கிழம ஆப்சென்டுங்கு. செவ்வாக்கிழம சீக்கிரமா வந்துட்டாங்கு. என்னட்டி இது?"

"தெரியும்."

"தெரியுமா?"

"திங்கக்கிழமையே தெரியும். கை ஒண்ணும் தவறல."

சனோபர் பரோட்டாவை வாயில் வைக்காமல் அவளையே பார்த்தாள். "ரெண்டு வருசமா அடுத்தவன் தப்ப ஊருக்கே கேக்க வாசிச்ச. ஒன் தப்புன்னதும் வாயில பூட்டா? இப்ப நான் இத எழுதிப் போட்டா ஒன் சீட்டு போவும். எழுதாட்டி என் சீட்டு போவும். நாளைக் காலை வரைக்கும் டைம். நீயே சொல்லிரு."

அன்று சாயங்காலம் வெளியே இளவெயிலும் சாரலுமாக இருந்தது. ரோட்டில் போன வேன்களில் ஈரத்துண்டுகள் பறந்தன. ஜெயபிரியாவின் கண்ணில் எதுவும் படவில்லை. கடைசி பஸ்சைத் தவறவிடாமல் ஊர் போய்ச் சேர்ந்தாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் அவள் முறை வந்தது. "முடியலண்ணே. நாளைக்கும் முடியாது. அன்னைக்கு நான் எடுத்தது சரியான அட்டதான். சிரிச்சாகன்னு மாத்திட்டேன்" என்று தொடங்கி, திங்கட்கிழமை சொல்லாமல் விழுங்கிய அத்தனையையும் போர்டில் படம் போட்டுக் காட்டினாள். சங்கரநாராயணன் இரண்டு தடவை குறுக்கே வாயைத் திறந்தார். மூன்றாவது தடவை, "சரியாத்தாம்லே சொல்லுதா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் முனகினார்.

உமாசங்கர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. "இத திங்கக்கிழமையே சொல்லிருந்தா நான் மதுரைக்குத் தேதியே குடுத்திருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். "நீயே பேசு."

திரையில் வந்தவர் அந்த மருத்துவமனையின் நர்சிங் சூப்பிரண்டு பார்வதியம்மாள். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் கண்ணாடி. ஜெயபிரியா தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்குன்னு சொன்னீங்களே? என் பிள்ளைககிட்ட நான் என்ன சொல்ல?"

"தப்பாக் குடுக்கதுக்கு லேட்டாக் குடுக்கேன் மேடம்." சொன்ன பிறகுதான் பதற்றத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது அவளுக்கு உறைத்தது.

"எந்த ஊரு நீ?"

"அச்சன்புதூர்."

"நான் கடையம். சரி, அது கெடக்கட்டும். ரெண்டு மணிக்கு வந்தா ஆப்சென்டுன்னு காட்டும்னா, போன மாசம் பெர்மிசன் வாங்கிட்டு லேட்டா வந்த மூணு பிள்ளைகளுக்கும்..." பார்வதியம்மாள் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "ஒரு நாளு லீவு போயிட்டுன்னு அழுதாளுவ. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, நீங்கதான் சொல்லுதீங்கன்னு நான் ஏசிட்டேனே!"

"அதையும் திருத்தித் தாரோம் மேடம்" என்றாள் ஜெயபிரியா. உமாசங்கர் மேஜைக்கு அடியில் காலால் தரையைத் தட்டினார். அவள் நிறுத்தவில்லை. "பழைய கணக்கு மொத்தத்தையும் பாத்துத் தாரோம்."

"முதல்ல அதச் செய்யி" என்றார் பார்வதியம்மாள். "அந்தப் பிள்ளைககிட்ட நான் பேசிக்கிடுதேன். ஒன் நம்பரக் குடு."

அழைப்பு முடிந்ததும் ஜெயபிரியா எழுந்து தன் தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டாள்.

"எங்க கெளம்புத?" என்றார் உமாசங்கர்.

"டெஸ்டிங்குக்கு."

"நல்லாருக்கே! பழைய கணக்கையும் சேத்துத் தாரோம்னு வாக்குக் குடுத்துட்டு நீ அங்க போயிட்டா, இத யாரு செய்வா?" என்று சங்கரநாராயணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க செய்யுதீகளா?"

சங்கரநாராயணன் அவசரமாகத் தன் திரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"பாத்துக்கோ. இந்த மலைய ஏற ஒன்ன விட்டா ஆளில்ல. எத்தன நாள்?"

"பத்து."

"எட்டு."

"பத்துண்ணே."

"ஒம்பது. கத்திரிக்காய்க் கடைக்காரன்கூட ஒண்ணு கொறைப்பான்."

"பத்து."

உமாசங்கர் பெருமூச்சு விட்டுப் பத்து என்று எழுதிக்கொண்டார். மூன்றரை மணிக்கு ஜெயபிரியாவின் போனுக்கு மதுரையிலிருந்து ஒரு நீண்ட செய்தி வந்தது. நடுராத்திரி ட்யூட்டியில் இருக்கும்போதே காய்ச்சல் கண்டு வீட்டுக்குப் போகிற நர்சுக்கு எந்த நாள் லீவு, ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி பாதி ராத்திரி பார்த்தால் யார் கணக்கு என்று வரிசையாக ஆறு கேள்விகள். ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. இரண்டு தடவை படித்துவிட்டு, போனோடு எழுந்து நேரே உமாசங்கர் மேஜைக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, பன்னெண்டு."